கோம்பையின் கறுத்த வாய்

"போச்சு! என் முட்டை போச்சு!"

கவுதாரி போட்ட கூச்சலில் குளத்தங்கரையே கூடிவிட்டது. காலையில் எட்டு முட்டை இருந்தது. இப்போது ஆறுதான். மீதி இரண்டுக்கும் கூட்டில் ஓட்டுத் துண்டுகள் மட்டும் கிடந்தன.

யாரும் எதையும் விசாரிக்கவில்லை. எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

அந்தப் பக்கம் வேலமரத்தடியில் கோம்பை படுத்திருந்தான். செம்மண் நிறத்தில் ஒரு நாய். மூக்கிலிருந்து தாடை வரைக்கும் கரி பூசின மாதிரி கறுத்த வாய். கோம்பை என்பது அவன் பெயர் இல்லை, அவன் இனத்தின் பெயர். சொந்தப் பெயர் என்ன என்று அங்கே யாரும் அவனைக் கேட்டதில்லை.

"டேய்! வாயைத் திற!" என்று முயல் கத்தியது. கத்திவிட்டு நாலடி பின்னால் போய் நின்றுகொண்டது.

கோம்பை வாயைத் திறந்தான். உள்ளே பல் இருந்தது. நாக்கு இருந்தது. வேறு எதுவும் இல்லை.

"பாருங்க, எவ்வளவு பெரிய பல்லு!" என்றது முயல். "இந்தப் பல்லு எதுக்கு இருக்கு? சொல்லுங்க!"

அந்தக் குளத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் கரையில் ஒரு துறை. தண்ணீர் குடிப்பது அந்தத் துறையில் மட்டும்தான். வெளியிலிருந்து வந்தவனுக்குத் துறை கிடையாது. யாராவது தன் துறையில் இடம் கொடுத்தால் அவன் குடிக்கலாம். அப்படி இடம் கொடுத்துவிட்டால், அவன் செய்கிற தப்புக்கு இடம் கொடுத்தவரும் பொறுப்பு. அவன் திருடினால் இரண்டு பேரும் குளத்தை விட்டுப் போக வேண்டும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கறி தின்கிற இனம் எதுவானாலும், தினமும் காலையில் தண்ணீர் குடிக்கும் முன் வாயைத் திறந்து காட்ட வேண்டும். கீரி காட்டும். உடும்பு காட்டும். கடுவன் என்ற கிழட்டு ஆண் குரங்கு ஒவ்வொரு வாயாக எட்டிப் பார்த்து, மோந்து பார்த்து, "சரி, குடி" என்று சொல்லும். புல் தின்கிறவர்கள், கிழங்கு தின்கிறவர்கள், பழம் தின்கிறவர்கள் யாரும் வாயைக் காட்ட வேண்டாம். அவர்கள் நல்லவர்கள். அப்படித்தான் குளத்தில் முடிவு செய்திருந்தார்கள்.

கோம்பை அங்கே வந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. அடிவாரத்துத் தோட்டத்தில் காவல் காத்துக்கொண்டிருந்தவன். தோட்டத்துக்காரர்கள் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். இவனை ஏற்றவில்லை. லாரிக்குப் பின்னால் முடிகிற வரைக்கும் ஓடினான். அப்புறம் நாக்கு தள்ளிப்போய்க் குளத்துக்கு வந்து சேர்ந்தான். தண்ணீர் கண்ணுக்கு எதிரே இருந்தது. யாரும் துறை தரவில்லை. இரண்டு நாள் வேலமரத்தடியிலேயே கிடந்தான்.

கடைசியில் இடம் கொடுத்தவள் யார் தெரியுமா? காட்டுப் பன்றி!

பன்றி வேட்டைக்கென்றே வளர்க்கிற இனம் கோம்பை. அதற்குப் போய் ஒரு பன்றி, அதுவும் ஐந்து குட்டிகளுக்குத் தாய், இடம் கொடுத்தாள். "உனக்குப் பைத்தியமா பன்றியக்கா?" என்று எல்லாரும் கேட்டார்கள்.

அவளுக்கு ஒன்றும் பைத்தியம் இல்லை. பாசமும் இல்லை. போன கோடையில் செந்நாய்க் கூட்டம் வந்து அவளுடைய இரண்டு குட்டிகளைத் தூக்கிப் போயிருந்தது. தூரத்திலேயே மோப்பம் பிடித்துக் குரைக்க ஒருத்தன் வேண்டும். அதற்காகத்தான் சேர்த்துக்கொண்டாள்.

"நீ என் துறையில குடிக்கலாம். ஆனா என் குட்டிகளுக்குப் பத்தடி தள்ளித்தான் படுக்கணும். புரியுதா?" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"புரியுது அக்கா."

"அக்கா கிக்கான்னு ஒட்டாதே."

அன்றிலிருந்து அவள் ஒரு கண்ணை மூடித்தான் தூங்கினாள். இன்னொரு கண் நாயின் மேல்.

இப்போது முட்டை காணாமல் போய்விட்டது.

கடுவன் மரத்திலிருந்து இறங்கிவந்தது. கோம்பையின் தாடையைப் பிடித்துத் தூக்கியது.

"இது என்ன கறுப்பு?"

"என் வாய் மாமா."

"ரத்தம் காய்ஞ்சா கறுப்பாத்தான் ஆகும். கழுவு!"

கோம்பை போய்க் கழுவிவிட்டு வந்தான்.

"இன்னும் கறுப்பா இருக்கு! நல்லாக் கழுவு!"

மறுபடி போனான். மூக்கு வரைக்கும் முக்கினான். மண்ணில் தேய்த்தான். வந்தான்.

"போகலையே!" என்றது கடுவன்.

"பார்த்தீங்களா! எத்தனை நாள் ரத்தமோ, ஊறிப்போச்சு!" என்றது முயல். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் "ஆமா, ஆமா" என்றார்கள்.

கோம்பைக்குக் கோபம் வந்தது. "மாமா, நான் பிறக்கும்போதே இப்படித்தான். என் வாயை மட்டும் பார்க்கிறீங்களே, உங்க வாயை யார் பார்க்கிறது?"

இதைக் கேட்டிருக்கக் கூடாது. கடுவனின் முகம் சிவந்தது.

"நான் பழம் தின்கிறவன்டா! என்னைக் கேட்கிறியா? ஓணான் கொடியை எடுத்துட்டு வாங்க! இவன் வாயைக் கட்டணும்!"

கட்டினார்கள். மூக்கைச் சுற்றி மூன்று சுற்று, காதுக்குப் பின்னால் ஒரு முடிச்சு. நாக்கு நுனியை மட்டும் வெளியே நீட்டித் தண்ணீரைத் தொட முடியும். நக்கிக் குடிக்க முடியாது. பன்றி பார்த்துக்கொண்டு நின்றாள். "வேண்டாம்" என்று சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அவளுக்கு அன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது.

அன்றைக்கு முழுக்க ஒன்றும் ஆகவில்லை.

"பார்த்தீங்களா? வாயைக் கட்டினோம், திருட்டு நின்னுச்சு!" என்று முயல் துறை துறையாகப் போய்ச் சொன்னது.

மறுநாள் மத்தியானம் கவுதாரி தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியபோது நாலு முட்டைதான் இருந்தது.

எல்லாரும் ஓடிப்போய்க் கோம்பையைப் பார்த்தார்கள். கொடி அவிழவில்லை. முடிச்சு அப்படியே இருந்தது. கடுவன் போட்ட முடிச்சேதான். கடுவனே பார்த்து ஒத்துக்கொண்டது.

இதற்கு மேல் என்ன வேண்டும்? "நாய் இல்லை, வேறு யாரோ" என்று புரிந்திருக்க வேண்டும் இல்லையா? புரியவில்லை. புரிய வேண்டாம் என்று இருந்தார்கள்.

"காலாலே உடைச்சிருப்பான்!" என்றது முயல்.

"உடைச்சு நாக்கு நுனியாலே நக்கியிருப்பான்!" என்றது உடும்பு.

"கோம்பை சாதிக்கு எல்லா வித்தையும் தெரியும்!" என்றது கடுவன்.

கவுதாரி அழுதுகொண்டே பன்றியிடம் வந்தாள். "அக்கா, உன் குட்டிங்க பத்திரமா இருக்கு. என் குஞ்சுங்க ஓட்டுக்குள்ளேயே போயிடுச்சு. நீ கூட்டிட்டு வந்ததுதானே இது?"

கவுதாரி கேட்டதில் தப்பு இல்லை.

கடுவன் தீர்ப்புச் சொன்னது. "நாளைக்கு உச்சி வரைக்கும் நேரம் தரேன். அதுக்குள்ள இவனைத் துரத்திவிடு. இல்லேன்னா உன் துறை போகும். நீயும் உன் குட்டிங்களும் கிளம்ப வேண்டியதுதான்."

கோடையில் அந்தக் குளத்தை விட்டால் அடுத்த தண்ணீர் கடலைக் காட்டுக்கு அந்தப் பக்கம்தான். கடலைக் காட்டு வரப்பில் மனிதர்கள் அவுட்டுக்காய் வைத்திருப்பார்கள். பார்க்கத் தீனி உருண்டை மாதிரி இருக்கும். கடித்தால் வாயிலேயே வெடிக்கும். அவளுடைய கூடப் பிறந்தவன் அப்படித்தான் தாடை போய்ச் செத்தான். ஐந்து குட்டிகளையும் அந்த வழியாகக் கூட்டிக்கொண்டு போவதா? அதிலும் கடைக்குட்டி சுழியன் இருக்கிறானே, கண்ணில் பட்டதையெல்லாம் வாயில் போடுகிறவன். முதல் வரப்பைத் தாண்ட மாட்டான்.

துரத்திவிடலாம் என்று முடிவு செய்தாள். ஆனால் சும்மா துரத்த அவளுக்கு மனசு ஒப்பவில்லை. பதினோரு நாளில் இரண்டு தடவை அவன் குரைத்திருக்கிறான். இரண்டு தடவையும் செந்நாய்கள் மேட்டிலிருந்தே திரும்பிப் போயின. 'இவன் திருடறதைக் கண்ணால பார்த்துட்டுத் துரத்துவோம். அப்போ என் மேலயும் பாவம் இல்லை' என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், வெயிலில் எல்லாரும் நிழலைத் தேடி ஒதுங்கினார்கள். கவுதாரி தண்ணீர் குடிக்கப் போனாள். பன்றி உண்ணிப் புதருக்குள் போய் மறைந்து உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் வலது பக்கம் கவுதாரியின் கூடு. இடது பக்கம் வேலமரத்தடியில் கோம்பை.

அவள் கூட்டைப் பார்க்கவில்லை. நாயை மட்டும் பார்த்தாள். 'எழுந்திருப்பான் பாரு. இதோ எழுந்திருப்பான்.'

கோம்பை எழுந்திருக்கவில்லை. ஈயை விரட்டக் காதை ஆட்டினான். அவ்வளவுதான்.

மொறுக்!

ஓடு உடைகிற சத்தம். பன்றி இன்னும் நாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அசையவே இல்லை. அப்புறம்தான் கூட்டுப் பக்கம் தலையைத் திருப்பினாள்.

புல்லுக்கு மேலே ஒரு சின்ன வால் ஆடிக்கொண்டிருந்தது. முதுகில் பழுப்புக் கோடுகள். அந்தக் கோடுகளை அவள் தினமும் நக்கிவிடுகிறாள்.

சுழியன்!

ஒரே பாய்ச்சலில் போய் அவன் காதைக் கவ்வி இழுத்தாள். வாய் முழுக்க மஞ்சள் கரு. மூக்கு நுனியில் ஓட்டுத் துண்டு.

"என்னடா இது!"

"நல்லா இருக்கும்மா" என்றான் சுழியன்.

"எத்தனை நாளா?"

"தினமும் இல்லைம்மா. அந்தப் பறவை தண்ணிக்குப் போகும்போது மட்டும்."

அவள் சுற்றிப் பார்த்தாள். யாரும் இல்லை. இல்லை, ஒருத்தன் இருந்தான். வேலமரத்தடியில் கோம்பை கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

சுழியனைப் புதருக்குள் தள்ளிவிட்டு நாயிடம் போனாள்.

"உனக்கு முன்னாலேயே தெரியுமா?"

"முதல் நாளே தெரியும்" என்றான் கோம்பை, கட்டிய வாய்க்குள்ளேயே. "என் பக்கத்துல ஓடினான். மூக்குல கரு வாசனை."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

பன்றி புதர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"'என் புள்ளை மேலயே பழி போடறியா'ன்னு அன்னிக்கே என்னைக் குத்தித் தள்ளியிருப்ப."

அது நூற்றுக்கு நூறு உண்மை. அதனால்தான் அவளுக்கு எரிச்சல் வந்தது.

"சரி, கேளு. நீ எப்படியும் போகத்தான் போற. இப்பவே போயிடு. என் புள்ளையை நான் அடிச்சுத் திருத்திக்கிறேன். யாருக்கும் தெரிய வேண்டாம்."

கோம்பை தலையை அவள் பக்கம் நீட்டினான். "சரி. ஆனா இந்தக் கொடியை அவிழ்த்துவிடு. இதோட போனா ரெண்டு நாள்ல செத்துடுவேன்."

அவன் கேட்டது நியாயம்தான். ஆனால் முடிச்சு காதுக்குப் பின்னால் இருந்தது. அதைப் பல்லால் அறுக்க வேண்டுமென்றால் அவள் தன் கழுத்தை அவன் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். பதினோரு நாளாக அவள் ஒரு கண்ணால் தூங்கியது எதற்காக? இதற்குப் பயந்துதான்.

குனிந்தாள். முதல் சுற்று அறுந்தது. இரண்டாவது அறுந்தது. மூன்றாவது அறுந்ததும் அந்தக் கறுத்த வாய் அகலமாகத் திறந்தது. அவள் தொண்டைக்கும் அந்தப் பல்லுக்கும் நடுவில் நாலு விரல் இடம்கூட இல்லை. பன்றி அசையாமல் நின்றாள். மூச்சுகூட விடவில்லை.

கோம்பை கொட்டாவி விட்டான். மூன்று நாளாகத் திறக்காத தாடை. வலிக்கும்தானே?

அவன் எழுந்தான். குளத்துப் பக்கம்கூடத் திரும்பாமல் மேட்டுப் பாதையில் நடக்க ஆரம்பித்தான்.

அதற்குள் கவுதாரி கூட்டுக்குத் திரும்பிவிட்டாள். மறுபடியும் கூச்சல். "இன்னொண்ணும் போச்சு! மூணுதான் இருக்கு!"

எல்லாரும் ஓடிவந்தார்கள். "அதோ போறான் பாருங்க! கொடியை அறுத்துட்டான்! தின்னுட்டு ஓடறான்!" என்று முயல் குதித்தது. "ஒழிஞ்சான்!" என்றது கடுவன். உடும்பு வாலைத் தரையில் அடித்துக் கொண்டாடியது.

பன்றிக்கு இப்போது ஒரு வேலையும் இல்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். துறை அவளுடையது. குட்டிகள் ஐந்தும் அவளுடையவை. எல்லாம் முடிந்துவிட்டது.

அப்போது புதருக்குள்ளிருந்து சுழியன் துள்ளிக்கொண்டு வந்தான். கூட்டத்துக்கு நடுவில் நின்று, எல்லாரையும் விடச் சத்தமாக, "திருட்டு நாய்! திருட்டு நாய்!" என்று கத்தினான்.

மூக்கில் கரு இன்னும் காயவில்லை. அவனைச் சுற்றி இருபது பேர் நின்றார்கள். ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை. கவுதாரி அவன் தலையைச் சிறகால் தடவி, "உனக்காவது என் கஷ்டம் புரியுதேடா கண்ணு" என்றாள்.

பன்றிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அவனை இப்படியே விட்டால் நாளைக்கு அவன் என்னவாக வளர்வான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"கடுவன்! இவன் வாயைப் பார்!"

"யார் வாயை?"

"என் புள்ளை வாயை."

கடுவன் சிரித்தது. "பன்றி வாயை எதுக்குப் பார்க்கணும்? நீங்க கிழங்கு திங்கறவங்க. வழக்கத்துல இல்லையே."

"வழக்கத்தைக் குப்பையில போடு! பார்!"

கடுவன் குனிந்தது. பார்த்தது. மோந்தது. சுழியனின் கடைவாயில் விரலை விட்டு ஒரு ஓட்டுத் துண்டை எடுத்தது. கவுதாரி சிறகை உதறிப் பின்வாங்கினாள்.

அப்புறம் என்ன நடந்தது என்று நினைக்கிறீர்கள்? வெட்கப்பட்டார்களா? கோம்பையைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார்களா?

"எனக்கு அப்பவே தெரியும்!" என்றது முயல். "பன்றி சாதியே திருட்டுச் சாதி!"

"மூஞ்சியைப் பார்த்தாலே தெரியலையா!" என்றது உடும்பு.

"இனிமே பன்றிங்க எல்லாம் தினமும் வாயைக் காட்டணும்!" என்றது கடுவன்.

பன்றி எல்லாருக்கும் நடுவில் வந்து நின்றாள். "தப்பு என் புள்ளை பண்ணினான். மிச்சம் இருக்கிற மூணு முட்டைக்கும் நான் காவல் இருக்கேன். என்ன தண்டனையோ எனக்குக் கொடுங்க. நாயைத் திருப்பிக் கூப்பிடுங்க. அவன் எதுவும் பண்ணலை."

தண்டனை என்றதும் எல்லாருக்கும் ஒரே யோசனைதான் வந்தது. மேட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார்கள்.

"கோம்பைத் தம்பி! கோம்பைத் தம்பி! ஓடி வா!"

கொஞ்சம் முன்னாடி வரைக்கும் டேய். இப்போது தம்பி!

கோம்பை திரும்பி வந்தான். எல்லாரும் ஒதுங்கி வழி விட்டார்கள். சுழியனைப் பிடித்து அவன் முன்னால் தள்ளினார்கள். பன்றி பாய்ந்தாள். நாலைந்து பேர் சேர்ந்து அவளைப் பக்கத்திலிருந்த முள் செடிக்கு அந்தப் பக்கமாகத் தள்ளி மறித்துக்கொண்டார்கள்.

"உன் பேரைக் கெடுத்தவன் இவன்தான் தம்பி!" என்றது முயல்.

"உன் வாயைக் கட்ட வச்சவன்!" என்றது கடுவன். கட்டியது தான்தான் என்பது அதற்கு மறந்தே போய்விட்டது.

"பன்றி பிடிக்கத்தானே நீ பிறந்திருக்கே! கடி!"

"கடி தம்பி! கடி!"

சுழியன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நடுங்கினான். அவன் கழுத்து கோம்பையின் மூக்குக்கு நேர் கீழே இருந்தது. பன்றி முள்ளுக்கு அந்தப் பக்கமிருந்து நாயைப் பார்த்தாள். இந்தத் தடவை இரண்டு கண்ணாலும் பார்த்தாள். கெஞ்சவில்லை. கெஞ்சுவதற்கு அவளுக்கு வாய் வரவில்லை.

பிறந்த இனத்தைப் பார்த்தே ஒருத்தனை நல்லவன், கெட்டவன் என்று முடிவு செய்கிறவர்களுக்குத் திருடனையும் தெரியாது, நண்பனையும் தெரியாது, ஏனென்றால் அந்தக் குளம் மொத்தமும் கூடி நின்று "கடி, கடி" என்று சொன்ன பிறகும் கோம்பை கடிக்கவில்லை.